சத்துணவு அம்மாவின் காகிதங்கள்

என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் ஒரு சத்துணவு மையத்தில் சமையலராக இருந்தவர். கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊர். அவர் இறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. அந்த வருடத்தில் நான் அழுத நேரத்தைவிடத் தாலுகா அலுவலக வரிசையில் நின்ற நேரம் அதிகம். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அப்பா நான் தவழும் வயதிலேயே போய்விட்டார். கணவருக்குக் குவைத்தில் வேலை. எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை, லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். பிடித்த சம்பளம், பேருந்துச் செலவு, தரகர் விழுங்கியது எல்லாம் கூட்டினால் நாற்பதாயிரத்துக்கு மேல் வரும். நகையில் போனது தனி. யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி மிச்சமாகியிருக்கும் என்பதால்தான் எழுதுகிறேன். நடுநடுவே அம்மாவின் கதையும் வரும். அதை விட்டுவிட்டு எழுத வழியில்லை, ஏனென்றால் அவர் வாழ்ந்த கதையைத் தோண்டி எடுக்காமல் அந்தக் காகிதங்களில் ஒன்றைக்கூட என்னால் நேராக்க முடியவில்லை.

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். கிராமப்புறங்களில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று ஆள் எடுத்தார்கள். கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. அம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அப்பா இறந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. வெள்ளைப் புடவையோடு காலையில் வெளியே போனால் எதிரே வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பாட்டி வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த சமயம். அந்த வேலை வந்த பிறகு, ஊரே காலையில் அவர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா எட்டாவது வரை படித்தவர். காமராசர் 1956-ல் கொண்டுவந்த மதிய உணவு இல்லாவிட்டால் அதுவும் இல்லை என்பார். "சோத்துக்காகப் போனேன், எழுத்து ஒட்டிக்கிச்சு" என்று சிரிப்பார். அந்த எழுத்து கடைசியில் எனக்கு எப்படிக் கை கொடுத்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் சமையற்கூடம் என்பது ஓலைக் கொட்டகைதான். கல் அடுப்பு, விறகு, மழைக்காலத்தில் ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்துவிடும். நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து அரிசியும் பருப்பும் எண்ணெயும் வந்துவிடும். காய்கறிக்கும் தாளிப்புச் சாமானுக்கும் விறகுக்கும் பிள்ளைக்கு இத்தனை பைசா என்று கணக்கு. அந்தப் பைசாவில் என்ன காய் வாங்க முடியும்? எங்கள் பக்கம் அரவக்குறிச்சி முருங்கைக்குப் பேர் போனது. விடிகாலையில் தோட்டக்காரர்களைப் பார்த்து ஒரு கட்டுக் கீரை ஒடித்துக்கொண்டுதான் அம்மா பள்ளிக்கூடம் போவார். சாம்பாரில் வேறு காய் இருக்கிறதோ இல்லையோ, முருங்கைக்கீரை இருக்கும். ஒன்று முதல் ஐந்து வரை பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் என்பது ஏட்டுக் கணக்கு. அம்மாவுக்குத் தனிக் கணக்கு ஒன்று இருந்தது. திங்கட்கிழமை வடித்த கஞ்சியைக் கொட்டவிடமாட்டார், உப்புப் போட்டு எடுத்து வைப்பார். சனி, ஞாயிறு வீட்டில் அரைவயிறாக இருந்த பிள்ளைகள் பதினோரு மணி இடைவேளையில் தானாக வந்து கொட்டகை ஓரம் நிற்கும். யார் யார் என்று அவர் கேட்டதே இல்லை, டம்ளரை நீட்டினால் ஊற்றுவார்.

முட்டை வந்தது பெரிய விஷயம். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கலைஞர் ஆட்சியில் கொடுக்க ஆரம்பித்தார்கள். கூடிக்கூடி 2010-ல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. முதல் தடவை முட்டை வந்த அன்று பாதிப் பிள்ளைகள் சாப்பிடாமல் டவுசர் பையில் போட்டுக்கொண்டு போனார்களாம், வீட்டில் தம்பி தங்கைக்குக் கொடுக்க. அங்கேயே சாப்பிட வைக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. அம்மா வாசலில் நின்று பையைத் தடவிப் பார்த்தார். அடுத்த முறையிலிருந்து பார்க்கவில்லை, அடுப்படியில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார். 2013-ல் கலவை சாதம் வந்தபோது, "இந்த வயசுல பிரியாணி கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறேன்" என்று புலம்பியவர்தான். பயிற்சிக்குப் போய் வந்த பிறகு மிளகு முட்டை அவர் கையில் வந்தது போல ஒன்றியத்திலேயே யாருக்கும் வரவில்லை என்று அமைப்பாளர் டீச்சர் இன்றைக்கும் சொல்கிறார்.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்கிறேன், சின்ன வயதில் அப்படி இல்லை. அதே பள்ளியில்தான் படித்தேன். "சத்துணவுக்காரி மக" என்று கூப்பிடுவார்கள். வரிசையில் நின்று தட்டை நீட்டும்போது அம்மா என்னை நிமிர்ந்தே பார்க்கமாட்டார். மற்றவர்களுக்கு விழுந்த அதே கரண்டி, சில நாள் கடைசியில் மிஞ்சியது. வீட்டுக்கு ஒரு பருக்கை கொண்டு வந்ததில்லை. கொண்டு வருவார் என்று ஊரில் பேசியவர்கள் இருந்தார்கள், அதனால்தான் அவ்வளவு கறாராக இருந்தார் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு ஆத்திரமாக இருக்கும். மற்ற பிள்ளைகளிடம் "சாப்பிட்டியா சாமி" என்று குழைகிறவர் வீட்டுக்கு வந்தால் அலுப்பில் பேசவே மாட்டார். அந்த ஆத்திரம் அவர் இறந்த பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு தை மாதம் விடியற்காலையில் வீட்டிலேயே உயிர் போயிற்று. நான் திருப்பூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பழைய மாணவர்கள் செய்தது. "எங்கள் பசி தீர்த்த சத்துணவு அம்மா" என்று போட்டு, வயது 74 என்று அச்சடித்திருந்தார்கள். ஆதாரில் 68. பெயருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் முதலெழுத்து. ஆதாரில் என் அப்பாவின் முதலெழுத்து. யாரும் அதைக் கவனிக்கவில்லை, கவனிக்கிற நேரமும் இல்லை. படத்துக்கு ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கியிருந்தார்கள், வேறு நல்ல படமே இல்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே ஒரு படம் எடுத்து வையுங்கள். நல்ல வெளிச்சத்தில், அவர்கள் வேலை செய்கிற இடத்தில். ஸ்டுடியோவில் விறைப்பாக உட்கார வைத்து எடுப்பது பயன்படாது, அது அவர்கள் முகமாகவே இருக்காது.

பேரூராட்சி அலுவலகத்தில் இறப்பைப் பதிவு செய்யப் போனது பக்கத்து வீட்டு மாமா. நல்ல மனிதர், நான் படுத்திருந்த நிலையைப் பார்த்துத் தானாகவே போனார். 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம், அதற்குள் செய்துவிட்டார். ஆனால் அம்மா பெயரோடு "அம்மாள்" என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார், ஊரில் கூப்பிடுகிற மாதிரி. அப்படியே சான்றிதழில் ஏறிவிட்டது. இங்கே ஆரம்பித்தது என் அலைச்சல். ஆதாரில் ஒரு பெயர், இறப்புச் சான்றில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் வேறொரு முதலெழுத்து, வீட்டு மனையின் நத்தம் பட்டாவில் இன்னொரு எழுத்துக்கூட்டல். நாலும் என் அம்மாதான் என்று எனக்குத் தெரியும், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. இழவு வீட்டில் யார் பதிவு செய்யப் போனாலும் சரி, கையில் ஆதார் நகலைக் கொடுத்து "இதில் இருக்கிறபடி மட்டும் எழுதச் சொல்லுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். சான்றிதழைக் கணினியில் ஏற்றும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கக் கேட்டால் காட்டுவார்கள். பின்னால் திருத்தவும் வழி இருக்கிறது, மனுக் கொடுத்து ஆதாரம் காட்டினால் திருத்துவார்கள், ஆனால் அந்தத் திருத்தம் வரும்வரை மற்ற எல்லாம் நின்றுவிடும்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் அறுபது ரூபாய்தான். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் பார்ப்பார், பிறகு வட்டாட்சியர் கையெழுத்து. ஒரே மகள், இதில் என்ன சிக்கல் வரும் என்று நினைத்தேன். விண்ணப்பம் திரும்பி வந்தது: "கணவரின் இறப்புச் சான்று இணைக்கப்படவில்லை." இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு பெண் இறந்தால் மகன், மகளோடு கணவரும் முதல் வரிசை வாரிசு. கணவர் உயிரோடு இல்லை என்றால் அதற்குக் காகிதம் வேண்டும். அப்பா இறந்தது 1981-ல், ஒரு தோட்டத்துக் குடிசையில். அதை யாரும் எங்கேயும் பதியவில்லை. அன்றைக்கு அப்படிப் பதியாமல் விட்ட குடும்பங்கள் எத்தனையோ. நாற்பது வருடத்துக்கு மேல் தாலி இல்லாமல் வாழ்ந்த பெண்ணுக்குக் கணவன் இல்லை என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டிய நிலை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இன்னொரு நாள் தாங்கமுடியாமல் அலுவலக வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன், அதுவும் நடந்தது.

உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா யாருடைய இறப்பாவது பதியாமல் கிடந்தால், அடுத்த இழவு விழும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான இறப்பைப் பதிய எங்கள் பக்கம் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும். அதற்கு முன், உள்ளூர்ப் பதிவேட்டில் இப்படி ஒரு பதிவு இல்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும். உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். இறந்ததைப் பார்த்த, அடக்கத்துக்கு வந்த பெரியவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துகொள்வதில்தான் விஷயமே இருக்கிறது. எனக்கு இரண்டு பேர் மிச்சமிருந்தார்கள், ஒருவருக்குக் காது கேட்காது. என்ன தேதி என்று கேட்டால் இருவரும் ஆளுக்கொரு மாதம் சொன்னார்கள். இந்தக் கட்டத்தில்தான் ஒரு தரகர் வந்து சேர்ந்தார். எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி 6,500 ரூபாய் வாங்கினார். அவர் செய்தது நான் ஏற்கெனவே போட்ட விண்ணப்பத்தின் எண்ணை வைத்து நிலவரம் பார்த்துச் சொன்னது மட்டும்தான், அதை யாரும் கைபேசியிலேயே பார்க்கலாம்.

அப்போது ஒரு யோசனை வந்தது. அம்மா விதவை என்பதால்தானே வேலையே கிடைத்தது? அப்படியானால் 1982-ல் அதற்கு ஒரு சான்று கொடுத்திருக்க வேண்டும், அது அவருடைய பணிக் கோப்பில் இருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவுக்குப் போனேன். பழைய கோப்பெல்லாம் இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். அமைப்பாளர் டீச்சர்தான் வழி சொன்னார். "வாயால கேட்டா இல்லம்பாங்க, தகவல் உரிமைச் சட்டத்துல கேளும்மா." 2005-ஆம் வருடச் சட்டம், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அடுத்தவர் சம்பந்தப்பட்ட தகவல் என்று தட்டிக் கழிக்காமல் இருக்க, இறப்புச் சான்றையும் நான் மகள் என்பதற்கான என் பள்ளிச் சான்றையும் சேர்த்து வைத்தேன். கேள்வியைப் பொதுவாக எழுதாமல், "இந்த மையத்தில் 1982-ல் நியமிக்கப்பட்ட சமையலரின் நியமன ஆணை, அதனுடன் இணைத்த சான்றுகள், பணிப்பதிவேட்டின் முதல் பக்கம்" என்று தனித்தனியாகக் கேட்டேன். கோப்பு கிடைத்தது. பதிவுத் தபாலில் வந்த அந்த உறையைப் பிரித்தபோது கை நடுங்கியது. தாசில்தார் கொடுத்த விதவைச் சான்றின் நகல், அதில் அப்பா இறந்த மாதம். கூடவே அம்மா கையெழுத்தில் ஒரு விண்ணப்பம்: "எனக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை உள்ளது. எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்." நான் அந்த வீட்டில் வளர்ந்தவள், இந்த வரியைப் பற்றி எனக்கு ஒருநாளும் தெரியாது.

மாதம் கிடைத்தது, தேதி வேண்டுமே. அதற்காக உதவியாளராக இருந்த அத்தையைத் தேடிப் போனேன். சொந்த அத்தை இல்லை, அம்மாவோடு அந்தக் கொட்டகையில் பாதி ஆயுளைக் கழித்தவர். நான் சொல்லி முடிப்பதற்குள், "உங்கம்மாதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சுருந்தாளே கண்ணு, நீ பாக்கலயா?" என்றார். அரசாங்கப் பதிவேடுகள் அமைப்பாளரிடம் இருக்கும். அம்மா தனக்கென்று நீளக் கணக்கு நோட்டு போட்டு வைத்திருந்தார், அது எனக்குத் தெரியாது. பரண்மேல் பழைய அண்டாவுக்குள் இருந்தது. "இன்று 112. வெங்காயம் இல்லை." "98. மழை. விறகு ஈரம்." "131. ஆண்டு விழா, கேசரி." வருடக்கணக்காக இப்படியே. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு நடுவே எப்போதாவது ஒரு சொந்த வரி. வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் ஓரிடத்தில், "அவர் போய் இன்றோடு ஒரு வருசம். 104 பேர். சாம்பார்." தேதியோடு. சோற்றுக்காகப் போய்க் கற்ற எழுத்து. சாட்சிகளின் வாக்குமூலம், விதவைச் சான்றின் நகல், இந்தப் பக்கத்தின் நகல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு நகர்ந்தது. ஆகவே ஒருவர் இறந்ததும் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உறவினர்கள் செய்யும் முதல் வேலை அதுதான்.

வங்கி விஷயம் இதற்கு நடுவே தனியாக ஓடியது. அம்மாவின் கணக்கில் ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் மிச்சமும், மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியத்தில் சேர்த்ததும் இருந்தன. நாமினி நான்தான். நாமினி இருந்தால் இறப்புச் சான்றும் நாமினியின் அடையாளச் சான்றும் போதும், வாரிசுச் சான்று கேட்கக் கூடாது. ஆனால் நாமினியாக என் பெயர் அப்பாவின் முதலெழுத்தோடு இருந்தது, என் ஆதாரில் கணவர் முதலெழுத்து. இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் போட்டு, கல்யாணப் பத்திரிகை முதல் பள்ளி மாற்றுச் சான்று வரை கொடுத்த பிறகு பணம் வந்தது. பெண் பிள்ளைகளை நாமினி போட்டிருக்கிற அம்மாக்கள், மகளுக்குக் கல்யாணம் ஆனதும் வங்கியில் பெயரைப் புதுப்பிப்பது நல்லது. ஆவணங்கள் எல்லாம் கொடுத்த 15 நாளுக்குள் வங்கி முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் போட்ட விதியிலேயே இருக்கிறது. அதனால் கொடுத்த ஆவணங்களுக்குத் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஏடிஎம் ரகசிய எண் தெரியும் என்பதற்காக இறந்த பிறகு பணம் எடுக்காதீர்கள். இறந்த அடுத்த மாதமும் ஓய்வூதியம் ஏறிவிடும், அதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இன்னொன்று, அம்மாவின் சிம் கார்டு. ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் விட்டால் 90 நாளில் எண் போய்விடலாம். பட்டா முதல் எரிவாயு வரை எல்லா ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். எல்லாம் முடியும்வரை குறைந்த ரீசார்ஜாவது போட்டு உயிரோடு வைத்திருங்கள். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளையும் உடனே வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். "சாப்டியா" என்று தொடங்காத ஒரு பதிவுகூட இல்லை.

நகையைப் பற்றிச் சொல்ல எரிச்சலாகத்தான் இருக்கிறது. மூன்று பவுன் சங்கிலி ஒரு தனியார் அடகு நிறுவனத்தில் இருந்தது. ரசீது சாமிப் படத்துக்குப் பின்னால். நான் அதைக் கண்டுபிடித்தபோது ஏலம் போய்விட்டது, நோட்டீஸ் எல்லாம் பழைய கதவிலக்கத்துக்குப் போயிருக்கிறது. அம்மா எதற்கு அடகு வைத்தார் என்று தெரியாமல் குழம்பிக் கிடந்தேன். அத்தைதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருடைய மகள் கல்யாணத்துக்காக அம்மா வைத்தது. அத்தை மாதாமாதம் வட்டிப் பணத்தை அம்மா கையில் கொடுக்க, அம்மா போய்க் கட்டியிருக்கிறார். அம்மா போன பிறகு அத்தை நேராகப் போய்க் கட்டப் பார்த்திருக்கிறார். ரசீது இல்லை, நீங்கள் யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இழவு வீட்டில் கடனைப் பற்றி எப்படிப் பேசுவது என்று என்னிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அம்மாமேல் வந்த கோபம் சாதாரணமானது அல்ல. அத்தையிடம் காட்டவில்லை, பேருந்தில் ஏறிய பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். பலருக்குத் தெரியாத ஒன்று: ஏலத்தில் கடன், வட்டி போக மிஞ்சுகிற பணம் அடகு வைத்தவருக்குச் சொந்தம். ஏலக் கணக்கை எழுத்தில் கேட்டேன். முதலில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள், ரிசர்வ் வங்கிக்குப் புகார் எழுதுவேன் என்றதும் 38,000 ரூபாய்க்குக் கணக்கு வந்தது. வாரிசுச் சான்று கொடுத்த பிறகு கையில் கிடைத்தது. இன்றைய தங்க விலையில் அது எந்த மூலைக்கு?

இத்தனைக்கும் நடுவே அம்மாவைப் பற்றி எழுதி வைக்கும் வேலையும் நடந்தது. வேண்டும் என்று தொடங்கவில்லை. சாட்சிக்காகவும் தேதிக்காகவும் ஒவ்வொருவரிடமாகப் போனபோது அவர்கள் வேறு என்னென்னவோ சொன்னார்கள், கைபேசியில் பதிவு செய்ய ஆரம்பித்தேன். இதில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. "அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லோரும் "தங்கமான மனுசி" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். "முதல் முட்டை வந்த அன்று என்ன நடந்தது?", "மழையில் கொட்டகை விழுந்தபோது சமையல் எங்கே நடந்தது?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். கையில் நோட்டோ பழைய படமோ இருந்தால் இன்னும் பேசுவார்கள். பள்ளிக் குழுப்படங்களில் சமையலர்களை ஓரத்தில்தான் நிறுத்துவார்கள், படத்துக்கு ஃபிரேம் போடும்போது வெட்டியும் விடுவார்கள். அதனால் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டிய படத்தில் அம்மா இல்லை. அதே படத்தின் வெட்டாத பிரதி ஒரு பழைய மாணவர் வீட்டில் இருந்தது, கரண்டியோடு நிற்கிறார், முப்பது வயதுகூட இருக்காது. சாம்பாருக்கு அம்மா வீட்டிலிருந்து கொத்தமல்லி வறுத்துப் பொடித்துக்கொண்டு வருவார் என்று அத்தை அடித்துச் சொல்கிறார். வெளியிலிருந்து எதையும் சேர்க்க நான் அனுமதித்ததே இல்லை என்கிறார் டீச்சர். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன், எந்தப் பக்கம் உண்மை என்று நான் சாப்பிட்ட நாக்குக்குத் தெரியும்.

தட்டச்சு செய்து, நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்துச் சேர்த்து, சுருள் கம்பி போட்டுச் சில பிரதிகள் எடுத்தேன். அத்தைக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று, போஸ்டர் ஒட்டிய பையன்களுக்கு ஒன்று. பையன்கள் என்கிறேன், எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. வயது 74 என்று எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அவர்களிடம் கேட்டேன். "நாங்க ஒண்ணாவது படிக்கும்போதே அம்மாவுக்கு நாற்பது இருக்கும்னு நெனச்சுக் கூட்டினோம் அக்கா" என்றார்கள்.

வாரிசுச் சான்று வந்து, போன மாதம் பட்டாவும் என் பெயருக்கு மாறியது. இணையத்தில் இறக்கிப் பார்த்தேன். என் பெயர் சரியாக இருக்கிறது, கணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர், அதுவும் ஒரு எழுத்து விட்டு. பெயர்த் திருத்தத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஒப்புகைச் சீட்டை அம்மாவின் நோட்டுக்குள்தான் வைத்திருக்கிறேன்.